எந்த ஆண்டின் விமானம்? கடல் ரோந்து விமான மாதிரிகளை மாற்றி அமைப்பது பற்றி

அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறக்கும் போயிங் பி-8ஐ விமானத்தின் வால் முனையில் நீண்ட கம்பம் ஒன்று பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ விமானத்தில் அந்தக் கம்பம் கிடையாது. எடையைக் குறைக்க அமெரிக்கர்கள் அதை விட்டுவிட்டார்கள். இந்தியக் கடற்படை கேட்டு வாங்கிப் பொருத்திக்கொண்டது. இந்தியாவின் விமானத்தில் பின்பக்கம் பார்க்கும் இன்னொரு ரேடாரும் உண்டு. அதற்காக உடலின் பின்பகுதியில் ஒரு புடைப்பு இருக்கிறது. பி-8ஏ கிட் ஒன்றை வாங்கி, இந்திய டெக்கால் ஒட்டி, சாம்பல் வண்ணம் அடித்துவிட்டால் பி-8ஐ ஆகிவிடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் செய்துதான் சேர்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் கிட்டை மாற்றி அமைப்பது எல்லா வகை விமானங்களுக்கும் பொதுவான வேலை. ஆனால் ரோந்து விமானத்தில் அது ஏறக்குறையக் கட்டாயம். போர் விமானம் ஒன்றின் வடிவம் பெரும்பாலும் அதன் இறக்கையிலும் இன்ஜினிலும் தீர்மானமாகிவிடுகிறது. ரோந்து விமானமோ முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே உடலோடு பறக்கிறது. தேடும் கருவிகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நீர்மூழ்கிகள் சத்தம் குறைந்து, ஆழம் கூடி, தண்ணீருக்கு மேல் வராமலேயே நாட்களைக் கழிக்கக் கற்றுக்கொண்டபோதெல்லாம், அவற்றைத் தேடும் விமானத்தின் முகத்தில் ஒரு புது வீக்கம், வயிற்றில் ஒரு புதுக் கூடு, முதுகில் ஒரு புது ஆன்டெனா முளைத்தது. ஆகவே ரோந்து விமானத்தின் மேல்தோலை ஒரு காலக்குறிப்பாகவே படிக்க முடியும். கிட் தயாரிக்கும் நிறுவனம் ஒரே அச்சில் பல பதிப்புகளுக்கு இடம்கொடுக்க வேண்டியிருப்பதால், பெட்டிக்குள் இருப்பது பல நேரம் எந்த ஆண்டுக்கும் முழுமையாகப் பொருந்தாத ஒரு பொது விமானம். அதை ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள விமானமாக, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் நிறுத்துவதே மாற்றத்தின் நோக்கம் என்பது என் கருத்து. எதை வெட்டுவது, எதை ஒட்டுவது என்பதெல்லாம் அந்த ஆண்டை முடிவுசெய்த பிறகு வரும் கேள்விகள்.

வால்கம்பத்தையே எடுத்துக்கொள்வோம். நீர்மூழ்கி என்பது பெரிய இரும்புத் திரள். அது இருக்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் மிகச் சிறிய அளவில் மாறுபடுகிறது. அந்த மாறுபாட்டை உணரும் கருவியை விமானத்தில் வைத்தால், விமானத்தின் சொந்த இன்ஜினும் மின்கம்பிகளும் உண்டாக்கும் காந்தத் தொந்தரவு அதைக் குழப்பிவிடும். அதனால் கருவியை உடலிலிருந்து முடிந்தவரை தள்ளி, வால் நுனியில் கம்பத்தின் முனையில் வைத்தார்கள். அமெரிக்காவின் லாக்ஹீட் நெப்டியூன் விமானத்தில் முதலில் வால் பகுதியில் பீரங்கிக் கூண்டுதான் இருந்தது. நீர்மூழ்கி வேட்டை முக்கியமானபோது கூண்டு போய் நீண்ட கம்பம் வந்தது. மூக்கில் துப்பாக்கிகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கவிப்பு வந்தது. பின்னர் இறக்கைக்கு அடியில் இரண்டு சிறு ஜெட் இன்ஜின்களும் சேர்ந்தன. வலப்பக்க இறக்கை முனைத் தொட்டியின் முன்பகுதியில் தேடுவிளக்கு இருந்தது. 1945 மே மாதம் முதன்முதலாகப் பறந்த விமானமும் 1960-களில் பறந்த அதன் வாரிசும் அருகருகே நின்றால், ஒரே குடும்பம் என்று சொல்லச் சற்று நேரம் ஆகும். ஹசெகாவா நிறுவனத்தின் 1/72 நெப்டியூன் கிட் பிந்தைய வடிவத்துக்கானது. அதிலிருந்து தொடக்க கால நெப்டியூன் செய்ய நினைப்பவர் மூக்கு, விமானியறை மேற்கூரை, வால் மூன்றையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

இந்தக் காலக்குறிப்பை மிகத் தெளிவாகக் காட்டுவது பிரிட்டனின் நிம்ராட். காமெட் பயணிகள் விமானத்திலிருந்து பிறந்த நிம்ராட் 1969-இல் பணிக்கு வந்தது. 1982 ஃபாக்லாந்துப் போரில் தென் அட்லான்டிக் வரை போய்த் திரும்ப எரிபொருள் போதவில்லை. அவசர அவசரமாக விமானியறைக்கு மேலே வானில் எரிபொருள் நிரப்பும் குழாய் பொருத்தினார்கள். முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்த குழாய் விமானத்தின் நிலைத்தன்மையைக் குலைத்ததால், உடலின் அடியில் ஒரு துடுப்பும், வால் இறக்கைகளில் சிறு செங்குத்துத் தகடுகளும் சேர்த்தார்கள். இறக்கையடியில் சைட்வைண்டர் ஏவுகணைகளும் தொங்கின. அதே விமானங்களின் இறக்கை முனைகளில் எதிரியின் ரேடார் சமிக்ஞைகளைக் கேட்கும் கருவிக் கூடுகள் பொருத்தப்பட்டது அந்தப் போர் முடிந்த பிறகு. ஏர்ஃபிக்ஸின் பெரிய 1/72 நிம்ராட் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஃபாக்லாந்து காலத்து விமானம் செய்பவர் குழாயை ஒட்டியாக வேண்டும். இறக்கை முனைக் கூடுகளை விட்டாக வேண்டும். இரண்டையும் ஒட்டினால் அது வேறு ஆண்டின் விமானம். நன்றாகச் செய்த, வண்ணம் அழகாக அமர்ந்த பல மாதிரிகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற அர்ஜென்டினாவின் நெப்டியூனும் மாதிரி செய்வோருக்கு உரிய பொருள்தான்: 1982 மே 4 அன்று ஷெஃபீல்ட் போர்க்கப்பலைத் தாக்கிய விமானங்களுக்கு வழி காட்டியது ஒரு நெப்டியூன்.

இந்தியக் கடற்படையின் இல்யூஷின் இல்-38 இன்னொரு சான்று. 1977-இல் இந்தியாவுக்கு வந்தது. மொத்தம் ஐந்து விமானங்கள். தளம் கோவாவின் ஐ.என்.எஸ். ஹன்சா. 2002 அக்டோபர் 1 அன்று, படைப்பிரிவின் வெள்ளிவிழாவின்போது, இரண்டு விமானங்கள் வானிலேயே மோதிச் சிதறின. எஞ்சியவை ரஷ்யாவில் ‘சீ டிராகன்’ கருவித் தொகுதியோடு புதுப்பிக்கப்பட்டு 2006 முதல் இல்-38எஸ்டி என்ற பெயரில் திரும்பி வந்தன. புதுப்பித்த விமானத்தை அடையாளம் காண நிபுணர் வேண்டியதில்லை: முன்பகுதியில், கூரைக்கு மேலே, தாங்குகம்பிகளின் மேல் ஒரு பெட்டி நிற்கும். அந்தப் பெட்டி இருந்தால் 2006-க்குப் பிந்தையது, இல்லாவிட்டால் முந்தையது. 2023 அக்டோபர் 31-இல் இந்த விமானங்கள் ஓய்வு பெற்றன. இந்தப் பெட்டியைத் தகடும் கம்பியும் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். ஆனால் அந்த ஒரு பெட்டியில் ஒரு படைப்பிரிவின் இருபது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

பயணிகள் விமானக் கிட்டிலிருந்து ரோந்து விமானம் செய்வது இந்தத் துறையின் கனமான வேலை. உலகின் புகழ்பெற்ற ரோந்து விமானங்களில் பல, பயணிகள் விமானங்களின் உடலிலிருந்து வந்தவை: காமெட்டிலிருந்து நிம்ராட், எலெக்ட்ராவிலிருந்து ஓரியன், இல்-18-இலிருந்து இல்-38, 737-இலிருந்து பி-8. ஜப்பானின் பி-1 போலத் தொடக்கத்திலிருந்தே ரோந்துக்கென்று வடிவமைத்தவை குறைவு. எனவே ‘ஜன்னலை அடைத்து, வாலில் கம்பம் வைத்தால் போதும்’ என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அது சரியல்ல. எலெக்ட்ராவை ஓரியனாக்கியபோது இறக்கைக்கு முன்னால் உடலில் சுமார் 7 அடி குறைத்தார்கள். மினிகிராஃப்டின் 1/144 எலெக்ட்ரா கிட்டில் அது கிட்டத்தட்ட 15 மில்லிமீட்டர். இல்-38-இல் மாற்றம் வேறு மாதிரி. கனமான கருவிகள் உடலின் முன்பகுதியில் குவிந்ததால் எடைச் சமநிலைக்காக இறக்கையையே ஏறத்தாழ 3 மீட்டர் முன்னே நகர்த்தினார்கள். இல்-18 கிட்டில் இறக்கைக்கு முன்னால் ஒரு வளையத்தை அறுத்தெடுத்து இறக்கைக்குப் பின்னால் செருக வேண்டும். 1/100 அளவில் 30 மில்லிமீட்டர், 1/144-இல் 21 மில்லிமீட்டர். இதைச் செய்யாமல் விட்டால், எவ்வளவு நுணுக்கமாக ஆன்டெனா ஒட்டினாலும், பார்ப்பவர் கண்ணுக்கு அது வண்ணம் மாற்றிய பயணிகள் விமானமாகவே தெரியும். முதலில் உருவ அளவு, பிறகு நுணுக்கம் என்ற வரிசையை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அறுப்பதில் ஒரு நடைமுறை உண்டு. உடலின் இரு பாதிகளையும் தனித்தனியாக அறுத்தால் வெட்டு ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டையும் டேப்பால் இறுக்கி இணைத்து, வெட்டுக்கோட்டில் தடித்த டேப் ஒன்றைச் சுற்றி அதையே வழிகாட்டியாக வைத்து, மெல்லிய பல்லுள்ள ரம்பத்தால் சுற்றிலும் சிறிது சிறிதாக அறுக்க வேண்டும். சேர்க்கும்போது உட்புறம் பிளாஸ்டிக் பட்டைகளை அணைகொடுக்க வேண்டும். உடல் ஒரே குறுக்களவுள்ள பகுதியில் வெட்டினால் பட்டி வேலை குறையும். சரிவான பகுதியில் வெட்டினால் படிக்கட்டுபோல் விளிம்பு நிற்கும்.

பி-8ஐக்கு வருவோம். தமிழ்நாட்டு வாசகர்களில் மாதிரி செய்யும் பழக்கமுள்ளோர் அதிகம் கேட்பது இதைத்தான். இதற்கு 1/144 அளவில் ரெவெல், ஸ்வெஸ்டா இரு நிறுவனங்களின் போயிங் 737-800 கிட்டுகள் நல்ல அடித்தளம். பி-8-இன் உடல் 737-800-இன் நீளமே; 39.47 மீட்டர், அதாவது இந்த அளவில் 274 மில்லிமீட்டர். அறுக்க வேண்டியதில்லை. இறக்கைதான் வேறு. பி-8-இல் 737-900 வகையின் பலப்படுத்திய இறக்கை. முனையில் மேல்நோக்கி வளையும் விங்லெட் இல்லை. பதிலாகப் பின்னோக்கிச் சரிந்து கூராகும் முனை. அதன் இறக்கை அகலம் 37.64 மீட்டர். விங்லெட் இல்லாத 737-800-இன் அகலம் 34.3 மீட்டர். கணக்குப் போட்டால், 1/144-இல் விங்லெட்டை நீக்கிய பிறகு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். சிறிய துண்டுதான், ஆனால் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் தொடங்கி முனையில் காகிதம்போல் மெலிய வேண்டும். வெறுமனே முனையில் ஒட்டினால் முதல் தூசி துடைப்பிலேயே உடையும். இறக்கைக்குள் பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகி, அதன் மேல் இரண்டு அடுக்குத் தகடு ஒட்டி, பிறகு வாட்டர் பேப்பரால் வடிவம் தேய்ப்பதே பாதுகாப்பு. இடப்பக்கத்தை முடித்துவிட்டு வலப்பக்கம் போகக் கூடாது. இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால்தான் ஒரே சாய்வு வரும்.

அடுத்தது ஜன்னல்கள். பி-8-இல் பயணிகள் ஜன்னல் வரிசை கிடையாது. உடலின் முன்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக, கடலைப் பார்ப்பதற்கான பெரிய ஜன்னல் மட்டும் உண்டு. கிட்டின் ஜன்னல் துளைகளை வெறும் பட்டியால் நிரப்புவதுதான் பலரும் முதலில் செய்வது. கரைப்பான் கலந்த பட்டி காய்ந்தபின் சுருங்கும். வண்ணம் அடித்து முடித்து ஒரு மாதம் கழித்து, வரிசையாகச் சிறு குழிகள் தலைகாட்டும். பளபளப்பில்லாத சாம்பல் வண்ணத்திலும் சாய்ந்த வெளிச்சத்தில் அவை தெரியும். உட்புறம் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, வெளியிலிருந்து ஃபெவிக்விக் வகைப் பசையோடு முகப் பவுடர் குழைத்து நிரப்பி, இறுகியதும் அன்றே தேய்த்துவிடுவது நல்லது. மறுநாள் வரை விட்டால் அந்தக் கலவை சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, தேய்க்கும்போது உடல் தட்டையாகிவிடும். தேய்த்தபின் வெள்ளிநிற அடிவண்ணம் ஒரு பூச்சு கொடுத்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் குறை எல்லாம் வெளிப்படும்.

வால்கம்பத்தை பிளாஸ்டிக் தண்டில் செய்யலாம். டிரில்லிங் மெஷினின் வாயில் தண்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி, உப்புத்தாளால் தேய்த்தால் சீரான சரிவு கிடைக்கும். நடுவே சிரிஞ்ச் ஊசி ஒன்றை நுழைத்து, அதன் மறுமுனையை உடலுக்குள் ஆழமாக இறக்கிவிடுங்கள். ரோந்து விமான மாதிரிகளில் முதலில் உடைவது இந்தக் கம்பம்தான். உலோகக் கரு இருந்தால் வளையும், உடையாது. பின் ரேடாரின் புடைப்பு, இறக்கைக்குப் பின்னால் வயிற்றில் திறக்கும் ஆயுத அறையின் கதவுக்கோடுகள், முதுகிலும் வயிற்றிலும் உள்ள ஆன்டெனாத் தகடுகள் இவற்றைப் படங்களைப் பார்த்தே இடம் குறிக்க வேண்டும். படத்திலிருந்து அளவெடுக்க, ஏற்கெனவே தெரிந்த ஓர் அளவு வேண்டும். சி.எஃப்.எம்.56-7பி இன்ஜினின் விசிறி விட்டம் 61 அங்குலம்; இது 1/144-இல் 10.8 மில்லிமீட்டர். இன்ஜின் தெளிவாகத் தெரியும் பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் அதையே அளவுகோலாக வைத்து மற்றவற்றைக் கணக்கிடலாம். தூரத்திலிருந்து எடுத்த படமாக இருக்க வேண்டும். அருகிலிருந்து எடுத்ததில் முன்னே உள்ளது பெருத்தும் பின்னே உள்ளது சிறுத்தும் தெரியும்.

வால் பக்கம் இத்தனை சேர்த்தபின் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்காரும். உடலை மூடும் முன்பே மூக்கில் தூண்டில் ஈயத்தை நிரப்பி, எபாக்சியால் அசையாமல் ஒட்டி, கம்பத்தையும் டேப்பால் தற்காலிகமாகப் பொருத்தி, சக்கரத்தின் இடத்தில் விரலால் தாங்கிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பி-8ஐ வருவதற்கு முன் அரக்கோணத்தின் அடையாளமாக இருந்தது டுபோலெவ் டு-142. இந்தியா வாங்கிய எட்டு விமானங்கள் 1988 முதல் முதலில் கோவாவிலிருந்து பறந்தன. 1992 மார்ச்சில் ராஜாளி தளம் தொடங்கியபின் அரக்கோணத்துக்கு வந்தன. 2017 மார்ச் 29-இல் ஓய்வு பெற்றன. சுமார் 53 மீட்டர் நீளம், 50 மீட்டர் இறக்கை அகலம். 1/72-இல் செய்தால் முக்கால் மீட்டருக்குச் சற்றே குறைவான நீளம் வரும். பெரும்பாலான வீடுகளில் அலமாரிக்குள் அடங்காது. 1/144 அளவை நான் பரிந்துரைப்பேன். டிரம்பீட்டர் நிறுவனம் இரு அளவுகளிலும் டு-142எம்ஆர் கிட்டை வெளியிட்டிருக்கிறது. பெட்டியில் ‘டு-142’ என்று பார்த்ததும் இந்திய விமானம் செய்துவிடலாம் என்று வாங்கக் கூடாது. எம்ஆர் வகையின் வேலையே வேறு. அது நீர்மூழ்கியைத் தேடுவதில்லை. கடலுக்கடியில் இருக்கும் சொந்த நீர்மூழ்கிகளுக்குக் கட்டளைகளைக் கடத்துகிறது. அதற்காக வயிற்றிலிருந்து கிலோமீட்டர்கணக்கில் நீளும் கம்பிவடத்தை வானில் இழுத்துக்கொண்டு பறக்கும். இந்தியாவிடம் இருந்தது எம்கே-ஈ என்ற நீர்மூழ்கி வேட்டை வகை. அதில் வயிற்றில் தேடும் ரேடாரின் கூடு. செங்குத்து வாலின் உச்சியில் பின்னோக்கி நீளும் காந்த உணர்கருவிக் கம்பம். எம்ஆர் வகையில் வயிற்றில் கம்பிவட அமைப்பின் கூடு. வால் உச்சிக் கூடு முன்னோக்கி நீளும். ஆக, கிட்டின் வயிற்றுக் கூட்டை நீக்கி மூடி, ரேடார் கூடு புதிதாகச் செய்து, ஆயுத அறைக் கதவுகளைக் கீறி, வால் உச்சியைத் திருப்பி அமைக்க வேண்டும். ரேடார் கூட்டுக்கு மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன் மேல் இழுத்து அழுத்தினால் மெல்லிய, சீரான கூடு கிடைக்கும். பழைய முறைதான், இன்றைக்கும் இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

கடல் ரோந்து தமிழ்நாட்டுக்கு 1992-இல் புதிதாக வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் சென்னைக்கு அருகே புழல் ஏரி பிரிட்டிஷ் விமானப்படையின் நீர்விமானத் தளமாக இருந்தது. 240-வது படைப்பிரிவின் கேட்டலினாக்கள் அங்கிருந்து வங்கக் கடலுக்கு மேலே பறந்தன. இலங்கையின் கொக்கலை ஏரியிலும் இதே விமானங்கள் இருந்தன. 1942 ஏப்ரல் 4 அன்று கனடாவின் 413-வது படைப்பிரிவைச் சேர்ந்த லெனர்ட் பிர்ச்சால், கொக்கலையிலிருந்து சென்ற கேட்டலினாவில், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது நகரம் எச்சரிக்கையோடு இருந்தது.

1/72-இல் கேட்டலினா கிட்டுகள் ஏர்ஃபிக்ஸ், அகாடமி இரண்டிலும் உண்டு. கடைகளில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் சக்கரமுள்ள 5ஏ வகை; தரையிலும் தண்ணீரிலும் இறங்குவது. பிர்ச்சால் ஓட்டியது சக்கரமில்லாத, தண்ணீரில் மட்டும் இறங்கும் வகை. 5ஏ கிட்டிலிருந்து அதைச் செய்ய, உடலின் இருபுறமும் சக்கரம் மடங்கும் குழிகளையும் மூக்குச் சக்கரக் கதவையும் அடைத்து, அடைத்த தடம் தெரியாமல் தேய்த்து, ரிவெட் வரிசைகளை மீண்டும் போட வேண்டும். இங்கேயும் ஆண்டு முக்கியம். 1942-இல் பிரிட்டிஷ் வட்ட அடையாளத்தில் சிவப்பு இருந்தது. ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக் கூடாதென்று 1943 முதல் தென்கிழக்காசியப் போர்முனையில் அந்தச் சிவப்பை நீக்கினார்கள். புழல் ஏரியின் 1944-ஆம் ஆண்டுக் கேட்டலினாவும் கொக்கலையின் 1942-ஆம் ஆண்டுக் கேட்டலினாவும் ஒரே கிட்டிலிருந்து வரலாம். வட்டத்தின் நடுப்புள்ளி இரண்டையும் பிரித்துவிடும்.

நுண்பாகங்களில் எவ்வளவு தூரம் போவது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆன்டெனாத் தகடு 1/72-இல் 0.07 மில்லிமீட்டர், 1/144-இல் அதில் பாதி. கிட்டோடு வரும் பாகங்கள் அதைப்போல் பல மடங்கு தடிப்பானவை. தடிப்பானவற்றை ஒட்டுவதைவிட, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து ஒட்டுவது நல்லது. ஓரியனின் வால் உச்சியிலிருந்து முன்னோக்கி ஓடும் ஆன்டெனாக் கம்பிக்குக் கிட்டின் சட்டத்தண்டை மெழுகுவத்திச் சுடரில் இளக்கி இழுத்த நூல் போதும். மீள்தன்மையுள்ள மெல்லிய நைலான் நூல் இன்னும் சிறந்தது, கை பட்டாலும் அறாது. ஓரியன் பி-3சி வகையின் அடிப்பக்கத்தில் சோனோபாய் எனப்படும் ஒலியுணர் மிதவைகளைப் போடும் குழாய்கள் 48 உண்டு. ஒரு மிதவையின் விட்டம் சுமார் 124 மில்லிமீட்டர், 1/72-இல் 1.7 மில்லிமீட்டர். குழாய் வாய்களை அதைவிடச் சற்றே பெரிய துளைகளாக, வரிசை பிசகாமல் போட வேண்டும். அந்த விமானத்தின் முக்கிய ஆயுதமே அந்த வரிசைதான் என்பதால், அடிப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று இதை விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை.

பழைய அச்சுகளில் தகட்டுக் கோடுகள் மேடாக இருக்கும். பட்டி தேய்க்கும்போது அவை அழிந்துவிடும். முழு விமானத்தையும் மறுபடி கீறுவது ஒரு வழி. அழிந்த இடத்தில் மட்டும் இழுத்த நூலை ஒட்டி மேடு எழுப்புவது இன்னொன்று. 1/144-இல் கோடே இல்லாமல் விடுவதும் தவறில்லை. நிஜ விமானத்தின் தகட்டு இணைப்பு அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது. ஆழமாகக் கீறிய கோடுகளைவிட வழவழப்பான உடல் உண்மைக்கு நெருக்கம்.

முப்பரிமாண அச்சு வந்தபின் கையால் செய்வதற்கு இனி என்ன இடம் என்று இளையோர் கேட்கிறார்கள். கூடுகள், முனைகள், சுழலிகள் போன்ற சமச்சீர் பாகங்களுக்கு அச்சு மிகவும் உதவும். இருபது ஆன்டெனாக்களை ஒரே மாதிரி எடுக்கலாம். ஆனால் அச்சுக் கோப்பை வரைந்தவர் எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தார் என்பது பல நேரம் தெரிவதில்லை. தவறான வடிவம் ஒன்று அழகாக அச்சாகிப் பல மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அச்சில் எடுத்தாலும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு செய்பவருடையதே. ரெசின் பாகங்களைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஆதாரங்கள் எங்கே கிடைக்கும்? விசாகப்பட்டினம் கடற்கரையில் டு-142 அருங்காட்சியகம் 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. அரக்கோணத்திலிருந்து ஓய்வு பெற்ற விமானங்களில் ஒன்று அங்கே நிற்கிறது, உள்ளேயும் போய்ப் பார்க்கலாம். எதிரிலேயே குர்சுரா நீர்மூழ்கியும் காட்சிக்கு இருப்பதால் வேட்டையாடியதையும் வேட்டையாடப்படும் வகையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் டு-142-க்கு முன்பு ரோந்து பறந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் இருக்கிறது. காட்சிக்கு வைத்த விமானங்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்: கருவிகள் சில கழற்றப்பட்டிருக்கும், வண்ணம் மறுபடி அடிக்கப்பட்டிருக்கும். வடிவத்துக்கு அவற்றை நம்பலாம். வண்ணத்துக்கும் எழுத்துகளுக்கும் பணியில் இருந்த காலத்துப் படங்களையே நம்ப வேண்டும். பி-8ஐக்குக் கடற்படையும் பாதுகாப்பு அமைச்சகமும் வெளியிட்ட படங்கள், மலபார் கூட்டுப் பயிற்சிகளின் படங்கள் போதும். தளத்தின் வேலியருகே நின்று படமெடுக்க யாரும் முயல வேண்டாம். அது சட்டப்படி குற்றம், அதற்குத் தேவையும் இல்லை.

வண்ணத்தில் ரோந்து விமானத்துக்கென்று ஒரு தனி வாழ்க்கை இருக்கிறது. அது கடலுக்கு மேல் தாழப் பறந்து உப்பை வாரிக்கொண்டு வருகிறது. தரையிறங்கியதும் நன்னீரில் கழுவப்படுகிறது. எனவே சேறும் புழுதியும் கலந்த அழுக்குப் பூச்சு அதற்குப் பொருந்தாது. வெளிறிய வண்ணம், திருத்தி அடித்த திட்டுகள், இணைப்புகளில் மெல்லிய கறை இவையே பொருத்தம். ஓரியனில் இன்ஜின் புகைக்குழல் இறக்கையின் மேற்பக்கமாக வெளியேறுவதால், கரும்புகைத் தடம் இறக்கையின் மேலே படியும். அடியில் அடிப்பவர்கள் உண்டு, அது தவறு. எரிபொருளைச் சேமிக்க ஓரியன் விமானிகள் நெடுநேர ரோந்தில் இடது ஓரத்தில் உள்ள முதல் இன்ஜினை நிறுத்திவிடுவது வழக்கம். பறக்கும் நிலையில் மாதிரி வைப்பவர் அந்த ஒரு சுழலியின் அலகுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி நிறுத்தினால், தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அமெரிக்க ஓரியன்கள் 1970-களில் மேலே வெள்ளையும் கீழே சாம்பலுமாக இருந்தன. பிற்காலத்தில் முழுவதும் மங்கிய சாம்பல் ஆயின. மூக்கின் அடியில் அகச்சிவப்புக் கருவியின் உருண்டை வந்தது 1977-இன் இரண்டாம் மேம்பாட்டு வகையிலிருந்து. வண்ணமும் உருண்டையும் ஒரே ஆண்டைச் சொல்கின்றனவா என்று ஒட்டும் முன் சரிபார்க்க வேண்டும்.

நம் ஊரின் காற்று ஈரத்தைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காலத்தில் சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் லேக்கர் வண்ணம் தெளித்தால் வெண்படலம் பூக்கும். சூப்பர் குளூ நினைத்ததைவிட வேகமாக இறுகும். ஐப்பசி, கார்த்திகையில் அறுப்பதும் ஒட்டுவதும் தேய்ப்பதும் செய்துகொண்டு, வண்ண வேலையைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

முதல்முறையாக மாற்ற வேலையில் இறங்குபவர் 737-800 கிட்டிலிருந்து 1/144 பி-8ஐ செய்யலாம் என்பது என் முடிவு: உடலை அறுக்க வேண்டியதில்லை, கிட் கிடைக்கிறது, படங்கள் கிடைக்கின்றன, இறக்கை முனையும் வால்கம்பமும் கையைப் பழக்கும். இல்-38 இரண்டாவது முயற்சிக்கு. தொடங்கும் முன் ஒரு தாளில் விமானத்தின் எண், ஆண்டு, எந்தப் படத்திலிருந்து எந்தப் பாகத்தை எடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். படம் கிடைக்காமல் ஊகித்துச் செய்த பாகங்களையும் மறைக்காமல் குறியுங்கள். மாதிரி முடிந்ததும் அந்தத் தாளைப் பீடத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதே விமானத்தைச் செய்யப்போகிறவருக்கு அது தேவைப்படும்.